சுவரைத் தொடாத ஏணி

பூவாயிக்கு வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட வராது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். பென்சில் ஓட ஆரம்பித்தால் வாயும் கூடவே ஓடும். எக்ஸை "வாடா இந்தப் பக்கம்" என்று கூப்பிடுவாள். அடைப்புக்குறிக்கு வெளியே ஒதுங்கி நிற்கும் மைனஸைக் கண்டால் "உன்னத்தான்டா தேடிட்டிருந்தேன், திருட்டுப் பயலே" என்பாள். கீழே கீழே நீண்டுகொண்டு போகிற பின்னத்தை "அடங்குறியா இல்லியா?" என்று மிரட்டுவாள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஷார்ஜாவில் அவள் படித்த பள்ளியில், கணக்குப் பரீட்சை என்றால் அவளை மட்டும் நூலகத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் புகார் செய்திருந்தார்கள். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லையாம். அவள் திட்டுவதைக் கேட்டுச் சிரித்தே தங்களுக்கு நேரம் போய்விடுகிறதாம்.

"எங்க வீட்லயே காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு எம் பொண்ணுதான்" என்று அப்பா ஐயப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அது முழு உண்மை இல்லை. வாசலை அவள் இன்னும் மிதிக்கவே இல்லை. கொரோனாவின் இரண்டாம் வருடம் அது. பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்த நாள் முதல் எல்லாம் ஆன்லைன். பல்கலைக்கழகம் என்றால் அவளுக்கு ஒரு பழைய லேப்டாப். கணிதத் துறை என்றால் அதில் உறைந்து உறைந்து நகரும் நாலைந்து முகங்கள். அந்த முகங்களில் பாதிக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. "பூவை", "பொவாய்", ஒருவர் "மிஸ் பூ". முதல் வாரம் திருத்தினாள். இரண்டாம் வாரம் கோபப்பட்டாள். அதன் பிறகு, "பூவாயி. மூணே எழுத்து, சார். உங்க கணக்குல இதவிட நீளமான பேரெல்லாம் இருக்கு" என்று ஆங்கிலத்தில் நேரடியாகவே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஷார்ஜாவின் முவைலாவில் அவர்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்று ஒரு மலையாளக் குடும்பத்துக்கு, மற்றது இவர்களுக்கு. சமையலறை பொது. காலையில் அவர்கள் முறை, பதினொரு மணிக்கு மேல் இவர்கள் முறை. இவர்கள் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன், வெளியே ஒரு ஆள் நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் பால்கனி. அப்பா அபுதாபியின் முசஃபாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபோர்மேன். அபுதாபி எல்லைக்குள் திரும்ப நுழைய ஒவ்வொரு தடவையும் கொரோனா டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்ததால், வீட்டுக்கு எப்போதாவதுதான் வந்தார். மற்ற நாளெல்லாம் கம்பெனி ரூமில் தங்கிக்கொண்டு போனில் வந்தார்.

மே மாதம் கால்குலஸ் இறுதித் தேர்வு. எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தேர்வைக் காவல் காக்க ஒரு மென்பொருள். பிள்ளைகள் அதற்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கேமராவில் கண்ணைப் பார்க்கும், மைக்கில் காதைக் கொடுக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க, கட்டிலுக்கடி உட்பட, சுற்றிக் காட்ட வேண்டும்.

"அப்ப நான் எங்கடி போறது?" என்றாள் அம்மா வசந்தகுமாரி. "கிச்சன்ல அவங்க முறை. வெளியில போனா வெயிலு கொளுத்துது."

"பால்கனியில உக்காரு."

"ஏன், நான் என்ன துணியா, காயப் போட?"

"ரெண்டு மணி நேரம்மா. ப்ளீஸ்மா. கதவச் சாத்திக்க."

வசந்தகுமாரி ஒரு தட்டில் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, நாடு கடத்தப்பட்ட மகாராணிபோல் பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் ஏசிக் காற்றுக்காக ஒரு விரல் அளவுக்குத் திறந்துவைத்துக்கொண்டாள். அந்த ஒரு விரல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பூவாயி எழுத ஆரம்பித்தாள். வாயும் ஆரம்பித்தது. பாதிக் கேள்விகள் வரை அடங்கி ஒடுங்கி வந்தன. பிறகு ஏணிக் கேள்வி வந்தது.

எல்லா ஊர் கால்குலஸ் புத்தகத்திலும் இருக்கிற கேள்விதான். சுவரில் சாய்த்து வைத்த ஏணியின் அடி விலகிப் போகிறது, உச்சி எவ்வளவு வேகத்தில் கீழே சறுக்கும்? ஏணியின் நீளம் பத்து மீட்டர். அடி, சுவரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விலகுகிறது.

பூவாயி வரைந்தாள். வரைய வரவில்லை. மறுபடி படித்தாள்.

"யோவ், ஏணியே பத்து மீட்டருதான்யா. காலு பன்னெண்டு மீட்டருக்கு அந்தாண்ட இருக்கு. பெறகு எப்படிய்யா இது சுவத்துல சாயும்? படுக்கப் போட்டாக்கூட தொடாதே! இந்தக் கேள்விய எடுத்த மகராசன் எந்தத் தூக்கத்துல எடுத்தானோ தெரியல. நாலு வெடையும் தப்பு. நாலும் தப்பு!"

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "யாரடி திட்டற? என்னையா?"

"உன்ன இல்லம்மா. ஏணிய! சாயவே மாட்டேங்குது!"

"அப்ப வேற ஏணியப் போடு."

"வேற ஏணியெல்லாம் இல்ல. நாலுல ஒண்ணத்தான் போடணும்."

"அப்ப கடைசியில உள்ளதப் போட்டுட்டு வா. எனக்கு இங்க மண்ட காயுது."

பூவாயி கடைசியில் இருந்த 'டி'யை அழுத்தினாள். அடுத்த கேள்விக்குப் போனாள். மத்தியானம் சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்டபோது ஏணியை அவள் மறந்தே போயிருந்தாள்.

போலீஸ் மறக்கவில்லை.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தேர்வின்போது அறையில் இன்னொருவர் குரல் பதிவாகியிருக்கிறது, கேள்வியும் பதிலுமாகப் பேச்சு நடந்திருக்கிறது, பேச்சு முடிந்ததும் விடை குறிக்கப்பட்டிருக்கிறது. விசாரணைக் குழு முன் ஆன்லைனில் வர வேண்டும். குற்றம் உறுதியானால் பாடத்தில் பூஜ்யம், கட்டணச் சலுகை ரத்து.

சலுகை ரத்தானால் படிப்பு ரத்து. அதை யாரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை.

"ஐயோ, என் வாயால போச்சே" என்று வசந்தகுமாரி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உன் வாயி இல்ல, என் வாயி" என்றாள் பூவாயி. "சும்மா அழுவாதம்மா. எனக்கு அழுவ வரல, ஆத்திரமா வருது."

அப்பா போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பின்னால் கிரைண்டர் சத்தம் நின்றது. பட்டறையே காது கொடுப்பது போலிருந்தது.

"நான் வரேன் பாப்பா. வந்து பேசறேன்."

"எங்கப்பா வருவ? அது ஜூம்ல."

"அந்த ஜூம் எங்க இருக்கு? துபாயிலயா?"

பூவாயிக்கு அந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வெல்டிங்கப் பாரு. நான் பாத்துக்கறேன்."

அடுத்ததாக நஜீஹாவைக் கூப்பிட்டாள். நஜீஹா வகுப்புத் தோழி. காயல்பட்டினத்துக்காரி. அவள் வாப்பா ஓமானில் சலாலாவில் கடை வைத்திருக்கிறார். வகுப்பெல்லாம் ஆன்லைன் என்றானதும் அங்கே போய் அங்கிருந்தே படித்தாள். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது, ஆனால் ஒருவர் இல்லாமல் ஒருவர் சாப்பிடுவதில்லை என்கிற அளவுக்கு வீடியோவில் நெருக்கம்.

"ஏணிக் கேள்விக்கா மாட்டுனே?" என்றாள் நஜீஹா. "அது ஈஸிதானடி. பி. ஜீரோ பாயின்ட் செவன் ஃபைவ்."

"எப்படி வந்துச்சு?"

"பிதான்டி. நம்பு" என்றாள் நஜீஹா.

"எப்படிடி வந்துச்சு? போட்டுக் காட்டு."

"குரூப்ல வந்துச்சு" என்றாள் நஜீஹா மெல்ல. "கேள்வி வந்த வேகத்துல யாரோ நெட்ல எடுத்துப் போட்டுட்டாங்க. அதே கேள்வி, அதே ஏணி. எல்லாருமே பிதான் போட்டோம். எல்லாருக்கும் ரைட்டுன்னு வந்திருச்சு."

"நெட்ல அடி ஆறு மீட்டரா இருந்திருக்கும். ஆறு போட்டா உச்சி எட்டு. ஆறு பை எட்டு, முக்கால். நமக்கு வந்தது பன்னெண்டு. காப்பி அடிக்கக் கூடாதுன்னு நம்பர மாத்தின ஆளு, வெடைய மாத்தல. அடிச்ச ஆளுங்க கேள்வியவே படிக்கல. ரெண்டும் கட்டிப் புடிச்சுக்கிச்சு."

"யாரு பாத்தா!" என்ற நஜீஹா, உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "பூவு, நீ குரூப்ப பத்திச் சொல்லிராத. வாப்பா என்னயக் கொன்னு கடல்ல போட்டுரும்."

"நான் ஏன்டி சொல்றேன்? உங்கள மாதிரி வாயத் தெறக்காம திருடத் தெரியலைன்னுதான் நான் வருத்தப்படறேன்."

"திட்டு. நல்லாத் திட்டு. ஆனா சொல்லிராத."

பூவாயி யோசித்துப் பார்த்தாள். கேள்வித்தாள் அவள் கையில் இல்லை, திரையோடு போய்விட்டது. வகுப்பு காப்பியடித்தது என்று சொன்னால் நஜீஹா மாட்டுவாள். மிச்சம் ஒன்றுதான். எந்தப் பதிவை வைத்து அவளைப் பிடித்தார்களோ, அதைப் போட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். முழுசாக.

விசாரணை நாளன்று பூவாயி தலையை இழுத்துப் பின்னி, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வசந்தகுமாரி தானாகவே பால்கனிக்குப் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டையும் சொருகிவிட்டாள்.

திரையில் மூன்று பேர். தலைமை, டாக்டர் ஹனான். ஜோர்டான்காரர், கணிதத் துறைத் தலைவர், மூக்கில் நழுவும் கண்ணாடி. தேர்வு அலுவலகத்திலிருந்து மிஸ்டர் கிரெய்க். பின்னால் புத்தக அலமாரி, முகத்தில் சலிப்பு. மூன்றாவது, டாக்டர் பாலமுரளி. சென்னைக்காரர், பாடத்தின் ஒருங்கிணைப்பாளர், வேறு பிரிவுக்குப் பாடம் எடுப்பவர். பதிவு தமிழில் இருப்பதால் மொழிபெயர்க்க அவரை அழைத்திருந்தார்கள்.

"வணக்கம்மா. பதறாதே" என்று தமிழில் சொன்னார் அவர்.

"பதறல சார். கோவமா இருக்கேன்."

"என்ன சொல்கிறாள்?" என்று டாக்டர் ஹனான் ஆங்கிலத்தில் கேட்டார்.

"தயாராக இருக்கிறாளாம்" என்றார் பாலமுரளி.

ஆரம்பமே சரியில்லையே என்று பூவாயிக்குப் பட்டது.

மிஸ்டர் கிரெய்க் வாசித்தார். முதல் குறிப்பு: தேர்வு முழுவதும் அறையில் வேறு மூன்று முகங்கள் தெரிந்தன. ஒரு ஆண், இரண்டு பெண்கள். அசையாமல் நின்று கொண்டிருந்தனர்.

பூவாயி லேப்டாப்பைச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள். கையில் வேலும் பக்கத்தில் மயிலுமாக முருகன் குழுவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கடவுள்" என்றார் பாலமுரளி. "மனைவிகளுடன்."

டாக்டர் ஹனான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "அவர் உதவினாரா?" என்று கேட்டார்.

"கேட்டேன் மேடம். ஒதவல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் பூவாயி. மிஸ்டர் கிரெய்க் முதல் குறிப்பை அடித்துவிட்டார்.

இரண்டாம் குறிப்பு: மாணவி தேர்வு முழுவதும் யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். பதிவைப் போட்டார்கள். பூவாயி தன் குரலைத் தானே கேட்டது அன்றுதான். "வாடா இந்தப் பக்கம்... அங்க என்னடா பண்ற... ஆங், மைனஸு! கையும் களவுமா மாட்டுனியா?" பாலமுரளி ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் அலுவலகக் குரலில் ஆரம்பித்தவருக்குப் போகப் போக வாய் கோணியது. "எக்ஸை அழைக்கிறாள்... இப்போது மைனஸைத் திருடன் என்கிறாள்... இது, ஒரு பின்னத்துக்கு விடுக்கப்படும் எச்சரிக்கை."

"எல்லாமே சரியான படிகள்" என்றார் டாக்டர் ஹனான். அவர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். "பேச்சை வைத்தே கணக்கைப் பின்தொடர முடிகிறது."

பிறகு ஏணி வந்தது. இரண்டு குரல்கள். இங்கே ஒன்று, பதிலுக்குத் தூரத்தில் ஒன்று, பிறகு விசையின் 'டக்'. மொழி தெரியாதவர் காதில் விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், பூவாயிக்கே வந்தது.

"இதுதான்" என்றார் மிஸ்டர் கிரெய்க்.

பாலமுரளி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மாணவி ஏணியின் அளவுகளைச் சொல்கிறாள். கேள்வி கடினமாக இருப்பதாகச் சொல்கிறாள். தாயார், தன்னைத் திட்டுகிறாளா என்று கேட்கிறார். இல்லை, ஏணியை என்கிறாள். தாயார், கடைசி விடையைக் குறிக்கச் சொல்கிறார்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டார்.

மிஸ்டர் கிரெய்க் பேனாவை மூடினார். "ஆக, விடையைத் தாயார் சொன்னார்."

பூவாயி பாலமுரளியின் முகத்தைப் பார்த்தாள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. தமிழ் தெரிந்த ஒரே ஆள். கடினமாக இருப்பதாகவா சொன்னாள்? ஏன் இந்த மனுசன் அதை மட்டும் விழுங்குகிறார்? யோசிக்க யோசிக்கப் பொறி தட்டியது. தூங்கிக்கொண்டே கேள்வி எடுத்த மகராசன், இதோ, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு போனால் இவர் மனமிரங்கி ஏதாவது செய்யக்கூடும். ஒரு வாய்தாவோ, மறுதேர்வோ. திறந்தால் இருக்கிற ஒரு தமிழ்த் துணையும் எதிரியாகும். இப்படியெல்லாம் கணக்குப் பார்க்க அவளுக்குத் தெரியும். ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டிருந்தது.

"சார், நடுவுல ஒரு பத்திய விட்டுட்டீங்க."

"அது தேவையில்லம்மா" என்றார் தமிழில், தாழ்ந்த குரலில்.

"தேவை சார். அதுலதான் கணக்கே இருக்கு. திட்டினது நானு. முழுசாச் சொல்லுங்க, நான் தாங்கிக்கறேன்."

"கொஞ்சம் மரியாதைக் குறைவா இருக்கு. உனக்கே கெடுதலாப் போகும்."

"எனக்கு இதுக்கு மேல என்ன சார் கெடுதல் இருக்கு? நீங்க சொல்லலைன்னா நானே சொல்லுவேன். அப்ப நம்ப மாட்டாங்க. உங்க வாயால வந்தாத்தான் செல்லும்."

"டாக்டர் பாலமுரளி?" என்றார் ஹனான். "ஏதாவது பிரச்சினையா?"

பாலமுரளி தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். பிறகு ஒரு பெருமூச்சுக்குப் பின், நிமிர்ந்து உட்கார்ந்து, வார்த்தை தவறாமல் சொன்னார். "மாணவி சொல்வது இதுதான்: 'ஐயா, ஏணியே பத்து மீட்டர். அதன் கால் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. இது எப்படிச் சுவரில் சாயும்? படுக்க வைத்தாலும் தொடாது. இந்தக் கேள்வியை எடுத்த கனவான் எந்தத் தூக்கத்தில் எடுத்தாரோ. நாலு விடையும் தவறு.' அந்தக் கனவான்..." கொஞ்சம் நிறுத்தினார். "நான்தான். ஆறு என்றிருந்ததைப் பன்னிரண்டாக மாற்றினேன். காப்பியைத் தடுக்க. விடையை மறுபடி போட்டுப் பார்க்கவில்லை."

டாக்டர் ஹனான் ஒரு தாளில் சுவர் ஒன்றை வரைந்தார். தரையை வரைந்தார். ஏணியை வரையப் போய், பாதியில் நிறுத்தித் தாளைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். ஏணி அம்போவென்று தரையில் கிடந்தது. அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மற்ற மாணவர்கள் இதற்கு என்ன குறித்தார்கள்?" என்று சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

மிஸ்டர் கிரெய்க் தட்டித் தேடினார். சலிப்பெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது. "பி. அனேகமாக எல்லாரும். முக்கால்."

"நிற்காத ஏணி, எல்லாருக்கும் ஒரே வேகத்தில் சறுக்கியிருக்கிறது" என்றார் ஹனான். "அவர்களைப் பற்றி உங்கள் மென்பொருள் என்ன சொல்கிறது?"

"குறிப்பு எதுவும் இல்லை. யாரும் பேசவில்லை. கண் திரையிலேயே இருந்தது. மிகவும் ஒழுங்காக இருந்திருக்கிறார்கள்."

பூவாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். நஜீஹாவின் வாப்பாவும் சலாலாக் கடலும் கண்முன் வந்து போயின. வாழ்க்கையில் அவள் தானாக வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அது.

"மிஸ் பூவாயி," என்றார் ஹனான். பெயர் முழுதாக, சரியாக வந்தது. "ஒரு கேள்வி. விடை தவறு என்று தெரிந்தும் ஏன் குறித்தீர்கள்?"

"'கேள்வி தப்பு'ன்னு அமுக்க அதுல இடம் இல்ல மேடம். இருந்திருந்தா அதத்தான் அமுக்கியிருப்பேன். அம்மா வேற வெயில்ல இருந்தாங்க."

"அம்மா எங்கே இருந்தார்?"

"பால்கனியில. அறையில ஆள் இருக்கக் கூடாதுன்னுதான் விதி. பால்கனி அறையில சேராது."

மிஸ்டர் கிரெய்க் விதியைப் புரட்டினார். பால்கனியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. குற்றம் இல்லை. கட்டணச் சலுகை தொடரும். ஏணிக் கேள்வி ரத்து. அதற்குக் கீழே இன்னொரு பத்தி: குறித்த விடைகளை மட்டும் வைத்து மாணவர்களின் கற்றலை மதிப்பிட முடியாது என்று துறை கருதுவதால், கால்குலஸ் மாணவர்கள் அனைவருக்கும் நேர்முகத் தேர்வு. ஒரு கணக்கு தரப்படும். சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம்.

அப்பா பட்டறையில் ஆளுக்கொரு கரக் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டவர்களிடம், "எம் பொண்ணு ஜூம்ல கேஸு ஜெயிச்சுட்டா" என்றார்.

நஜீஹா வீடியோவில் வந்தபோது முகம் தொங்கியிருந்தது. "மொத்த வகுப்புக்கும் வைவாவாம்! குரூப்ல உன்னய என்னெல்லாம் சொல்றாங்க தெரியுமா?"

"என்ன சொல்றாங்க?"

"சொல்ல மாட்டேன். நீ திருப்பிச் சொன்னா அவங்களால தாங்க முடியாது."

"உன்னயக் காட்டிக் கொடுத்தேனா?"

"இல்ல."

"அப்ப உக்காரு. ஏணியில இருந்து ஆரம்பிக்கலாம். அடி ஆறு மீட்டருல இருக்கற ஏணிய நீ போடு, நான் திட்டறேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சலாலாவில் ஒருத்தி கணக்குப் போட்டாள், முவைலாவிலிருந்து ஒருத்தி திட்டினாள். நாலைந்து நாளில் நஜீஹாவும் எக்ஸை வாடா போடா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். குரூப்பில் அதைப் பற்றி யாரோ கேட்டு, இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். திட்டு வாங்கவே வந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

பூவாயியின் நேர்முகத் தேர்வை எடுக்க வந்தவர் பாலமுரளி. திரையில் அவர் மட்டும்.

"உனக்குச் சம்மதம்தானே? வேற யாரையாவது மாத்தச் சொல்லணும்னா..."

"இல்ல சார். நீங்களே இருங்க."

"அன்னிக்கு நான் அந்த வரிய விட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு."

"ஆமா சார், தப்புதான்" என்றாள் பூவாயி. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "பெறகு முழுசாச் சொன்னீங்கள்ல. அது போதும்" என்றாள்.

அவர் சிரித்தார். கேள்வியைத் திரையில் போட்டார். கூம்பு வடிவத் தொட்டி ஒன்றில் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் வீதம் தண்ணீர் விழுகிறது. உயரம் ஆறு மீட்டர், வட்டத்தின் ஆரம் இரண்டு மீட்டர். தண்ணீரின் ஆழம் இரண்டு மீட்டராக இருக்கும்போது மட்டம் எவ்வளவு வேகத்தில் உயரும்?

"ம், ஆரம்பி. வாய்விட்டு. உன் பாணியிலயே திட்டிப் போடலாம்."

போடலாம் என்று சொன்னதுதான் தாமதம், பூவாயிக்கு வாய் அடைத்துக்கொண்டது. திட்டு என்று யாராவது சொல்லித் திட்ட முடியுமா? கூச்சமாக இருந்தது. கூம்பை வரைந்தாள். பென்சிலைக் கடித்தாள். பாலமுரளி காத்திருந்தார்.

பால்கனிக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"ஏண்டி, சத்தத்தையே காணோம்? எழுதுறியா, தூங்குறியா?"

"அம்மா!"

பாலமுரளி வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, நீங்க உள்ளேயே வந்து உக்காருங்க. பால்கனியெல்லாம் வேண்டாம்."

வசந்தகுமாரி தலைத் துண்டை எடுத்துவிட்டு, வெண்டைக்காய்த் தட்டோடு உள்ளே வந்து, முருகனுக்குக் கீழே கட்டிலில் அமர்ந்தாள். "வணக்கம் சார். நீங்க கேளுங்க. நான் வெடை எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பூவாயி மறுபடி கூம்பைப் பார்த்தாள். கேள்வியைப் பார்த்தாள். மறுபடி கூம்பைப் பார்த்தாள். அவள் புருவம் மெல்ல மேலே போனது.

"அது இருக்கட்டும் சார். இந்தக் கூம்பு எப்படி நிக்குது? கூர்முனை கீழயா, மேலயா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெடை வரும். நீங்க அத எழுதவே இல்லியே!"

பாலமுரளி கேள்வியின் பக்கம் குனிந்தார். ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார்.

"அடக் கடவுளே" என்றார்.

"அவரக் கூப்பிடாதீங்க சார், அன்னிக்கே ஒதவல" என்றாள் பூவாயி. பென்சிலைக் கையில் எடுத்தாள். "சரி, ரெண்டையும் போடறேன். டேய் கூம்பு, மொதல்ல தலைகீழா நில்லுடா."